கண்ணாடியில் ஒரு விலை, காகிதத்தில் ஒரு விலை: கோவை பழைய கார் சந்தையில் ஒரு நாள்

சேரன் எக்ஸ்பிரஸ் கோவை ஜங்ஷனுக்கு வந்து நின்றபோது மணி ஆறே கால். வெளியே ஒரு டீயைக் குடித்துவிட்டு, சிங்காநல்லூருக்கு டவுன் பஸ் ஏறினேன். தாராபுரத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் கிளம்பிய அப்பா எனக்கு முன்பே வந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே செக் புக், ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம்.

"கார் வாங்கப் போறமா, கல்யாணத்துக்குப் போறமாப்பா?" என்றேன்.

"ரெண்டுக்கும் செலவு ஒண்ணுதான் சாமி" என்றார்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மாதம் ஒருமுறை கோவைக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பஸ் படிக்கட்டு ஏறுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாடகைக் காரில் ஒவ்வொரு தடவையும் போய் வர, அப்பாவின் ஓய்வுக்கால வருமானம் தாங்காது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் தங்கை கல்யாணம் போக மிஞ்சியதில் மூன்றரை லட்சம் ரூபாயைக் காருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். "அதுக்கு மேல ஒத்தை ரூபா கிடையாது" என்பது அவரே போட்டுக்கொண்ட கோடு.

அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் தாண்ட வைப்பது எப்படி என்று அன்று மதியம் ஒரு வெள்ளைத் தாள் எங்களுக்குக் காட்டியது.

மோட்டார் ஊர்

பழைய கார் வாங்க ஏன் கோவைக்கு வருகிறார்கள் என்று கேட்டால், சுற்று வட்டாரத்தில் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "அங்கதானுங்க வண்டி நிறைய இருக்கும்." திருச்சி ரோடு, அவினாசி ரோடு, சத்தி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் ஒரு கார் யார்டு படும். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிக்காரர்கள் வருகிறார்கள். வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டிலிருந்தும் வருகிறார்கள்.

இந்த ஊருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை அந்த அதிகாரியிடமிருந்தே 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. யோசித்துப் பார்த்தால், அதுவும் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான்.

அந்த 300 ரூபாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதே தொகை திரும்ப வரும்.

இன்று அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு நீளும் மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஆட்டோவில் அதன் மேல் போகும்போது அப்பா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். "நம்ம வண்டியில வந்தா இதுலயே போலாம்" என்றார். இன்னும் வாங்காத வண்டி அதற்குள் 'நம்ம வண்டி' ஆகியிருந்தது. விற்பவர்களுக்கு வேண்டியதும் இந்த மனசுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்ணாடியில் எழுதிய விலை

நாங்கள் முதலில் போன யார்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய இடம். வாசலில் கலர் கொடிகள், உள்ளே நாற்பது ஐம்பது கார்கள். டயருக்கெல்லாம் கறுப்பு பாலிஷ் போட்டு, இன்ஜின் ரூமைக்கூடக் கழுவி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும் மாடல் வருடமும் விலையும் வெள்ளை மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தது. ஒரு மூலையில் கேரள எண் வண்டிகள் தனியாக நின்றன.

அப்பாவின் கண் முதலில் போனது அங்கேதான். ஒரு சின்ன கார், 2,85,000 ரூபாய். அதே மாடல், அதே வருடம், தமிழ்நாட்டு எண்ணில் 3,55,000. எழுபதாயிரம் வித்தியாசம்.

எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் சிரித்தார். உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், சித்தப்பாவின் சிநேகிதர். "அய்யா, அது இந்தப் பக்கம் வந்து பதிவாகோணும்னா அங்க ஆர்.டி.ஓ-கிட்ட என்.ஓ.சி வாங்கோணும், இங்க ஆயுள் வரி கட்டோணும், நம்பர் மாத்தோணும். அதெல்லாம் இந்தக் கண்ணாடியில எழுத மாட்டாங்க."

வெளிமாநிலப் பதிவு எண் உள்ள வண்டி எதுவானாலும் இதே கதைதான், பாண்டிச்சேரி, டெல்லி வண்டிகள் உட்பட. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, அங்கே மலிவாகக் கிடைக்கும் கார்கள் மற்ற மாநிலங்களுக்கு நகர்கின்றன. விலை குறைவாகத் தெரியும். வரியையும் மறுபதிவுச் செலவையும் கூட்டிய பிறகுதான் உண்மையான விலை தெரியும்.

அதனால் தமிழ்நாட்டு எண் வண்டிக்கே வந்தோம். 2017 மாடல் வேகன் ஆர், வெள்ளை நிறம். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், சத்தம் கேட்டார், ஒரு ரவுண்டு ஓட்டினார். "வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றார். பார்த்ததற்கு அவர் வாங்கியது ஆயிரம் ரூபாய். அன்று முழுக்க நாங்கள் கொடுத்த பணத்தில், எதற்குக் கொடுக்கிறோம் என்று முழுசாகப் புரிந்து கொடுத்தது அந்த ஆயிரம்தான்.

பிறகு பேரம். அப்பா இதில் கெட்டிக்காரர். எங்களுக்கு வண்டி காட்டிய பையனுக்கு என் வயசுதான் இருக்கும். பொறுமையாகப் பேசினான். மூன்று தடவை எழுந்து போவது போல் போய், இரண்டு தடவை டீ குடித்து, கடைசியில் 3,55,000 என்பது 3,30,000-ல் வந்து நின்றது. "உங்களுக்காக மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்கித் தந்திருக்கேனுங்கய்யா" என்றான் அந்தப் பையன். டோக்கன் அட்வான்ஸாக ஐயாயிரத்தை என் போனிலிருந்து அனுப்பினேன்.

அப்பா ஓரமாகப் போய் அம்மாவுக்கு போன் போட்டார். "இருபத்தஞ்சாயிரம் கொறைச்சுட்டேன்" என்று அவர் சொன்ன குரலை ரொம்ப நாள் கழித்துக் கேட்கிறேன். ரிட்டயர்டு ஆனதிலிருந்து அந்தக் குரல் வீட்டில் இல்லை.

வெள்ளைத் தாளில் ஆறு வரி

ஏசி ரூமுக்குள் கூட்டிப் போனார்கள். சேர் போட்டார்கள். தண்ணீர் பாட்டில் வந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாள் வந்தது. லெட்டர்ஹெட் இல்லை, சீல் இல்லை. பேனாவால் எழுதியிருந்தார்கள்:

வண்டி விலை 3,30,000
ஆர்.சி பெயர் மாற்றம் 8,500
ஃபைல் சார்ஜ் 3,500
இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் 3,000
பாலிஷ், கோட்டிங் 6,000
வாரன்ட்டி 9,000
ஹேண்ட்லிங் 2,500

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். உதடு அசையாமல் கூட்டுவது அவர் பழக்கம். முப்பத்தொரு வருடப் பழக்கம். 32,500 ரூபாய். மொத்தம் 3,62,500.

கண்ணாடியில் எழுதியிருந்த விலை 3,55,000. மூன்று தடவை எழுந்து போய் இருபத்தைந்தாயிரம் குறைத்த பிறகு, பேரமே பேசாமல் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூட வந்து நின்றது. அப்பா போட்ட கோடும் தாண்டியாயிற்று.

நான் கேட்கும் முன்பே அப்பா என் கையைத் தொட்டார். "விடு சாமி. இவ்வளவு தூரம் வந்தாச்சு. அம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

மற்றவர்கள் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து தேடியவர் அப்பா. தன் கணக்கில் முப்பத்திரண்டாயிரம் உதைக்கும்போது 'விடு' என்கிறார். காரணம் எனக்குப் புரிந்தது. ஏசி ரூம், தண்ணீர் பாட்டில், கட்டிய டோக்கன், போனில் சொல்லிவிட்ட பெருமை. கேள்வி கேட்டால் மரியாதை குறைந்துவிடுமோ என்ற கூச்சம். இந்த ஆறு வரியும் அந்தக் கூச்சத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு வரியும் என்ன?

தாளைக் கையில் வாங்கி, போனைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சண்டை போடவில்லை. "இது என்னங்க?" என்று மட்டும்தான்.

முதல் வரி, ஆர்.சி பெயர் மாற்றம். சொந்த உபயோகக் காருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி உரிமை மாற்றக் கட்டணம் 300 ரூபாய். ஆமாம், ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிள் வாங்கியதாகச் சொல்லும் அதே தொகை. ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணமும் தபால் செலவும் தனி. வங்கிக் கடனில் வாங்கினால், கடனை ஆர்.சி-யில் பதிய 1,500 ரூபாய் கூட வரும். ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு அலைகிற ஏஜென்ட்டுக்குக் கூலி கொடுப்பதில் தப்பில்லை. ஆனால், அரசுக்குப் போவது எவ்வளவு, ஏஜென்ட்டுக்குப் போவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 8,500-ஐப் பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். "அது பேக்கேஜ் மேடம்" என்றான் பையன்.

இரண்டாவது, ஃபைல் சார்ஜ். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் பரிவாகன் தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைப் பூர்த்தி செய்வதற்கு முதல் வரியிலேயே பணம் வாங்கியாயிற்று. அப்புறம் இது எதற்கு? பதில் இல்லை.

மூன்றாவது, இன்சூரன்ஸ். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி வாங்கியவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டியோடு வராது. அது அவருடையது. அவர் எடுத்துக்கொண்டால், மீதிக் காலத்துக்கு அந்தத் தள்ளுபடித் தொகையை நாம் கட்ட வேண்டியிருக்கும். ஆனால், அது இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப் போட்டு ரசீது தருகிற தொகை. முன்கூட்டியே முழு எண்ணில் 3,000 என்று எழுத முடியாது. நாமே நேராகக் கம்பெனியில் கட்டலாம்.

நான்காவது, பாலிஷ். கண்ணாடியில் விலை எழுதும்போதே கார் பளபளவென்றுதான் இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நாங்கள் கிட்டேயே போனோம்.

ஐந்தாவது, வாரன்ட்டி. இது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம். என்னென்ன பாகங்களுக்குப் பொருந்தும் என்று எழுதிய காகிதம் கேட்டேன். "கார்டு பின்னால வரும்" என்றார்கள். காகிதம் இல்லாத வாரன்ட்டி வெறும் வாக்குறுதி.

ஆறாவது, ஹேண்ட்லிங். இதற்கு மட்டும் யாருமே விளக்கம் சொல்ல முயலவில்லை.

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "ஜி.எஸ்.டி-யே நாங்க உங்ககிட்ட வாங்கலை. மூணு முப்பதுக்கு 18 பர்சன்ட் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். கேட்டதும் பயமாகத்தான் இருந்தது. கிட்டத்தட்ட அறுபதாயிரம் ரூபாய். ஆனால், விதி அப்படி இல்லை. 2024 டிசம்பரில் நடந்த ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவிகிதம் என்று ஆனது உண்மை. அது காரின் முழு விலைக்கு அல்ல, டீலர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவே உள்ள லாபத்துக்குத்தான். மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்று நாற்பதுக்கு விற்றால், நாற்பதாயிரத்துக்கு 18 சதவிகிதம், அதாவது 7,200 ரூபாய். ஒரு தனிநபர் தன் சொந்தக் காரை இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

கடைசியில் மேனேஜர் ஒரு சமாதானம் சொன்னார். "ரெண்டரை லட்சம் கேஷா குடுங்க, ஃபைல் சார்ஜையும் ஹேண்ட்லிங்கையும் விட்டுர்றேன்." ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அபராதம் வாங்குகிறவருக்குத்தான். ஆனால், பில் இல்லாமல் ரொக்கம் கொடுத்தால், நாளைக்கு ஒரு பிரச்னை என்று வரும்போது நம் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

அப்பா அதுவரை பேசவே இல்லை. ரொக்கம் என்ற பேச்சு வந்ததும் எழுந்தார். "ரசீது இல்லாம நான் ஒரு நாளும் பணம் வாங்கினதில்லீங்க. குடுக்கவும் மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் அந்த ரூமில் எங்களுக்கு வேலை இல்லை.

டோக்கன் திரும்பக் கிடையாது என்றார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ என் போனில் டயல் செய்து காட்டினேன். அரை மணி நேரம் கழித்து நான்காயிரம் ரூபாய் திரும்பி வந்தது. மீதி ஆயிரம், எங்களுக்குக் காட்டுவதற்காகக் காரைக் கழுவிய செலவாம்.

வாசல் வரை வந்த அந்தப் பையன், மேனேஜர் உள்ளே போன பிறகு மெதுவாகச் சொன்னான்: "அடுத்த எடத்துல மொதல்லயே டோட்டல் கேட்டுருங்க மேடம். வண்டியப் பாக்குறதுக்கு முன்னாடியே."

டீக்கடைக் கணக்கு

ரோட்டோர மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். மெக்கானிக் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்து டீக்கடையில் இருந்தார். இருபது வருடங்களுக்கு மேல் கார் புரோக்கர் வேலை பார்த்தவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தப்பு அவிக மேல மட்டும் இல்லம்மணி. வர்றவிக எல்லாம் கண்ணாடியில எழுதின வெலையத்தான் பாக்குறாங்க. பக்கத்து யார்டுல பத்தாயிரம் கம்மின்னா அங்க போயிர்றாங்க. அதனால கண்ணாடியில கம்மியா எழுதறது, காயிதத்துல புடிக்கிறது. யார்டு வாடகை, கரன்ட்டு, பசங்களுக்குச் சம்பளம், நிக்கிற வண்டிக்கு வட்டி... லாபம் எங்கயாச்சும் வந்தாகோணுமில்ல?"

"அதுக்கு வண்டி வெலையிலயே வெச்சுக்கலாமில்லீங்க?" என்றார் அப்பா.

"வெக்கலாம். அப்பறம் நீங்க அவருகிட்டப் போவீங்களா?" என்று பெரியவர் சிரித்தார்.

யோசிக்க வைத்த கேள்வி. காலையில் நாங்கள் அந்த யார்டுக்குப் போனதே, ஆன்லைனில் பார்த்ததில் அங்கே விலை குறைவாகத் தெரிந்ததால்தான். டீலர் லாபம் வைப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. நாலு யார்டின் விலையை நாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாமல் போவதுதான் கஷ்டம். ஒப்பிட முடிகிற எண் கண்ணாடியில் இருக்கிறது. நாம் கொடுக்கப் போகிற எண் மேஜை டிராயரில் இருக்கிறது.

இரண்டாவது யார்டு

சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு இடத்துக்குப் போனோம். கணபதி பக்கம், பன்னிரண்டு கார்கள் நிற்கிற சின்ன ஷெட். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அப்பா கேட்டுவிட்டார்: "மொத்தம் எவ்வளவு ஆகும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பேரு மாத்தி என் கைக்கு ஆர்.சி வர்ற வரைக்கும்."

அந்த யார்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பில் புக்கை எடுத்தார். அதே மாடல், அதே 2017. இது ஏழாயிரம் கிலோமீட்டர் கூட ஓடியது. கண்ணாடியில் எழுதியிருந்த விலை 3,50,000. காலையில் இதைப் பார்த்திருந்தால் திரும்பியே பார்த்திருக்க மாட்டோம். பேசி முடித்து 3,41,000. அதில் ஆர்.டி.ஓ ஏஜென்ட் கூலி 2,500 அடக்கம். அரசுக் கட்டணம் ரசீதில் வருகிறபடி. இன்சூரன்ஸை நாங்களே நேரில் மாற்றிக்கொள்வது. வேறு எந்த வரியும் இல்லை.

சுவரில் ஃப்ரேம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தார். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ-விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஐந்து வருடம் செல்லும். உரிமையாளர் வண்டியை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் ஒப்படைத்ததும் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து வண்டிக்குப் பொறுப்பு டீலருடையது. பழைய உரிமையாளரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயரே மாற்றாமல் மூன்று நான்கு கை மாற்றும் பழக்கத்துக்கு முடிவு கட்டத்தான் இந்த விதி.

அந்தப் பழக்கம் விற்றவருக்கும் ஆபத்து. வண்டி பல கை மாறியும் ஆர்.சி-யில் முதல் உரிமையாளர் பெயரே இருந்த ஒரு விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. பெயர் மாற்றம் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் சேர்த்துத்தான்.

மெக்கானிக் அண்ணன் மறுபடி படுத்துப் பார்த்தார். இந்தத் தடவை காசு வாங்கவில்லை.

நீங்கள் கிளம்பும் முன்

* டோக்கன் கொடுக்கும் முன், ஆர்.சி கைக்கு வரும் வரை ஆகும் மொத்தத் தொகையை டீலரின் பில்லில் எழுதி வாங்குங்கள். நாலு யார்டை அந்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். டோக்கன் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

* அரசுக் கட்டணம் என்று எதைச் சொன்னாலும், ஆன்லைனில் கட்டிய ரசீதைக் கேளுங்கள்.

* பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ வண்டி எண்ணைப் போட்டு பதிவு தேதி, இன்சூரன்ஸ் தேதியைச் சரிபாருங்கள். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை நீக்கிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்.

* வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது அடைந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

* வாரன்ட்டி, கோட்டிங், ஆக்சஸரீஸ் எல்லாம் உங்கள் விருப்பம். வேண்டாம் என்று சொல்லலாம்.

* ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1915-க்குப் பேசுங்கள். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது.

ஸ்பீடு போஸ்ட்

இருட்டிய பிறகு கிளம்பினோம். அப்பா ஓட்டினார். மேம்பாலத்தில் ஒரு தடவை போய்த்தான் தீர வேண்டும் என்று எதிர்த் திசையில் போய்த் திரும்பினார். பல்லடம் தாண்டியதும், அதுவரை சும்மா வந்தவர் சொன்னார்: "அம்மாகிட்ட இருபத்தஞ்சாயிரம் கொறைச்சேன்னு சொன்னேனில்ல. இப்ப ஒம்பதாயிரந்தான்."

"சொல்லாதீங்கப்பா."

"சொல்லோணும் சாமி. கணக்குன்னா கணக்குதான்."

வீட்டுக்குப் போனதும் சொல்லியும் விட்டார். வெள்ளைத் தாளையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சங்கத்து லெட்ஜரைக் காட்டுவது போல் அம்மாவுக்குக் காட்டினார். அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, "அந்த ஆயிரம் ரூபா கழுவுற கூலிக்கு நானே கழுவிக் குடுத்திருப்பேனே" என்றார்.

தமிழ்நாட்டில் இப்போது ஆர்.சி ஸ்பீடு போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகிறது. நான் சென்னைக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து அப்பா ஒரு போட்டோ அனுப்பினார். கார்டில் அவர் பெயர், இனிஷியலோடு சரியாக இருந்தது. கூடவே அரசுக் கட்டண ரசீதின் போட்டோ. அந்த 300 ரூபாய் வரியைச் சிவப்புப் பேனாவால் டிக் அடித்திருந்தார்.